மீன்தொட்டிப் படங்கள்: மங்கல், வெள்ளைத் திட்டு, கருப்புப் பட்டை – எதை முதலில் சரிசெய்வது?

செங்கயல்

வணக்கம். தொட்டி 60 × 30 × 36 செ.மீ. உள்ளே நியான் டெட்ரா, ஏஞ்சல், கோரிடோரஸ். கேமரா சாதாரண டிஎஸ்எல்ஆர், 18-55 கிட் லென்ஸ், கேமராவிலேயே இருக்கும் சின்ன ஃபிளாஷ். மூன்று தொந்தரவுகள்:

நியான் எப்போது எடுத்தாலும் இழுத்துவிட்ட மாதிரி வருகிறது. ஃபிளாஷைத் திறந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு. ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள்.

இப்போதைய செட்டிங் எஃப் 5.6 (லென்ஸ் துளை), 1/60 நொடி ஷட்டர், ஐஎஸ்ஓ 400 (சென்சாரின் ஒளியுணர்வு). கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? இல்லை, வேறு எதையாவது முதலில் திருத்த வேண்டுமா?

கண்ணாடிச்சுவர்

லென்ஸை அப்புறம் பார்க்கலாம். முதலில் கண்ணாடி.

மீனிடமிருந்து வரும் ஒளி தண்ணீர், கண்ணாடி, காற்று என்று மூன்றைக் கடந்துதான் லென்ஸுக்கு வருகிறது. ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 1.52, காற்றுக்கு 1. கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக கேமராவைப் பிடித்தால் இதனால் பெரிய கெடுதல் இல்லை. 20 செ.மீ. உள்ளே இருக்கும் மீன் 15 செ.மீ.யில் இருப்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். கேமராவைச் சாய்க்கும்போதுதான் வினை. ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவு வளைவதால் துடுப்பின் ஒரு விளிம்பில் நீலக் கோடும் மறு விளிம்பில் ஆரஞ்சுக் கோடும் விழும். செதில் குழைந்துபோகும். மீன் எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மோசமாகும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து லென்ஸைக் குறை சொல்லும் படங்களில் பெரும்பாலானவை இந்தச் சாய்வால் கெட்டவைதான். எவ்வளவு விலையுள்ள லென்ஸை மாட்டினாலும் இது போகாது.

நேராக இருக்கிறீர்களா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அறை விளக்கு எரியும்போது வ்யூஃபைண்டரில் பார்த்தால் உங்கள் லென்ஸின் பிம்பமே கண்ணாடியில் தெரியும். அந்த வட்டம் படத்தின் நடுவில் இருந்தால் செங்குத்து சரி. மீன் நகரும்போது கேமராவைத் திருப்பாதீர்கள். உடம்போடு சேர்ந்து பக்கவாட்டில் நகருங்கள்.

துடைப்பதைப் பற்றி: வெளிப்பக்கத்துக்கு மைக்ரோஃபைபர் துணியில் கொஞ்சம் தண்ணீர் போதும். உப்புப் படிந்த வெள்ளைக் கோடு இருந்தால் சில சொட்டு வினிகர். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரேயைத் தொட்டிக்குப் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம், அதன் தூறல் தண்ணீரில் கலந்தால் மீனுக்கு ஆபத்து. உள்பக்கப் பாசிக்குக் காந்தத் துடைப்பான் நல்லது. ஆனால் அடிமணல் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரே ஒரு மணல் துகள் காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சிக்கினால் போதும், நீளமாக ஒரு கீறல் விழும். பிறகு ஆட்டோ ஃபோகஸ் மீனை விட்டுவிட்டு அந்தக் கீறலைத்தான் பிடிக்கும். கீழ் 3 செ.மீ. பகுதிக்குப் பழைய பிளாஸ்டிக் கார்டு போதும்.

பிறகு அறையை இருட்டாக்குங்கள். ஜன்னல், டிவி, எதிர்ச்சுவர் விளக்கு எல்லாம் அணைய வேண்டும். தொட்டி விளக்கு மட்டும் எரியட்டும். அப்போதும் உங்கள் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரியும். கருப்புச் சட்டை போடுங்கள், அல்லது கருப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி லென்ஸில் மாட்டிக்கொள்ளுங்கள். மடக்கும் ரப்பர் ஹூட் இருந்தால் அதைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தே எடுக்கலாம். பிம்பமும் வராது, செங்குத்தும் தானாக அமையும்.

நீர்ப்பாசி

பிம்பத்துக்கு போலரைசர் ஃபில்டர் மாட்டினால் போதாதா? இருட்டில் எடுக்கத் தேவையில்லையே.

கண்ணாடிச்சுவர்

போதாது. கண்ணாடியில் படும் பிம்பத்தை போலரைசர் நன்றாக அழிப்பது, செங்குத்திலிருந்து சுமார் 56 பாகை சாய்ந்து பார்க்கும்போதுதான். நேராக நிற்கும்போது திரும்பி வரும் ஒளி அப்படித் துருவப்பட்டிருக்காது, அதனால் ஃபில்டரை எப்படித் திருப்பினாலும் பிம்பம் போகாது. தொட்டிக்கோ நேராகத்தான் நிற்க வேண்டும். அதோடு ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்), சில ஃபில்டர்களில் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தையும் அது தின்றுவிடும். ஏற்கெனவே வெளிச்சப் பஞ்சத்தில் இருக்கும் இடத்தில் இது கட்டுப்படியாகாது. மேலிருந்து குளத்து மீனை எடுப்பவர்களுக்கு அருமையான கருவி, தொட்டிக்கு வேண்டாம்.

வெள்ளிச்செதில்

இழுபடுவதற்கு வருகிறேன். கணக்கு போட்டுப் பார்த்தால் தெளிவாகிவிடும்.

3 செ.மீ. நியான் படத்தில் 3000 பிக்சல் நீளத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1 மி.மீ.க்கு 100 பிக்சல். அது நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் நீந்தினால்:

1/60 நொடியில் 1.7 மி.மீ. நகர்ந்துவிடும். படத்தில் 170 பிக்சல் இழுவை.
1/500-இல் 0.2 மி.மீ., அதாவது 20 பிக்சல்.
1/5000-இல் 2 பிக்சல்.

லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசர் உங்கள் கைநடுக்கத்தைத்தான் தாங்கும், மீனின் ஓட்டத்தை அல்ல. ஆகவே ஃபிளாஷ் இல்லாமல் எடுப்பதானால் ஏஞ்சல், டிஸ்கஸ், ஃபைட்டர் போன்ற நிதான மீன்களுக்கு 1/125 முதல் 1/200. டெட்ரா, கப்பிக்கு 1/320-க்குக் குறையாமல். டேனியோவுக்கு 1/500. திரும்புவதற்கு முன் மீன் அரை நொடி நிற்கும். அதைக் குறிவைத்தால் இன்னும் கொஞ்சம் குறைத்தும் எடுக்கலாம். இந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ 1600, 3200 வரை போக வேண்டியிருக்கும், போகட்டும். புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வந்தால் பின்னால் குறைக்கலாம். இழுபட்ட கண்ணை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது.

கருப்புப் பட்டைக்குக் காரணம் உங்கள் எல்இடி. பல விளக்குகள் தொடர்ச்சியாக எரிவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. டிம்மர் வைத்த விளக்குகளில் வெளிச்சத்தைக் குறைப்பதே பெரும்பாலும் இப்படித்தான்: 40 சதவீதம் என்று வைத்தால் நேரத்தில் 40 சதவீதம் எரிகிறது, மீதி அணைந்திருக்கிறது. வேகமான ஷட்டரில் ஒரு மெல்லிய இடுக்குதான் சென்சாரின் மேல் ஓடுகிறது. அந்த இடுக்கு கடக்கும்போது விளக்கு அணைந்திருந்த இடமெல்லாம் கருப்பு வரி.

முதலில் டிம்மரை 100 சதவீதத்தில் வைத்துப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் மட்டமான அடாப்டர் மெயின்ஸின் துடிப்பை அப்படியே விளக்குக்குக் கடத்துகிறது என்று பொருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/100 அல்லது 1/50, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/120 அல்லது 1/60 வைத்தால் பட்டை மறையும். ஆனால் அந்த வேகத்தில் நியான் உறையாது. ஏஞ்சலுக்கு மட்டும்தான் உதவும். எலக்ட்ரானிக் ஷட்டர், அதாவது சத்தமில்லாத மோடு, இருந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கலில் எடுங்கள். எலக்ட்ரானிக்கில் சென்சாரை வரிவரியாகப் படிக்க இன்னும் அதிக நேரம் எடுப்பதால் பட்டைகள் கூடும்.

செங்கயல்

டிம்மரை 100-இல் வைத்ததும் பட்டை போய்விட்டது. இதுவரை 50-இல் இருந்தது. நன்றி.

நியானுக்கு அப்படியானால் ஃபிளாஷ்தான் வழியா? வெள்ளைத் திட்டு இல்லாமல் எப்படி?

வெள்ளிச்செதில்

ஆமாம், ஃபிளாஷ்தான். ஆனால் அது கேமராவில் இருக்கக் கூடாது. நேராக நிற்கும் கேமராவிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டு நேராகத் திரும்பி வரும், அதுதான் அந்தத் திட்டு. ஃபிளாஷைத் தொட்டியின் தலைக்கு மேல் கொண்டுபோங்கள். இயற்கையில் மீனுக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது, அதனால் பார்வைக்கும் இயல்பாக இருக்கும்.

தேவையானவை: மேனுவல் பவர் உள்ள ஒரு வெளி ஃபிளாஷ் (பழையது, ஆட்டோ இல்லாதது, போதும்), ஃபிளாஷைத் தள்ளியிருந்தே மின்னவைக்கும் ஒரு ஜோடி ரேடியோ டிரிகர், தொட்டி முழுவதையும் மூடும் கண்ணாடி மூடி, ஒரு வெள்ளைப் பட்டர் பேப்பர்.

மூடியின் மேல்பக்கத்தை நன்றாகத் துடைத்து அதன்மேல் பட்டர் பேப்பரை விரியுங்கள். ஃபிளாஷை அதற்கு 15 முதல் 20 செ.மீ. மேலே, முன்கண்ணாடிப் பக்கம் கொஞ்சம் தள்ளி, முகம் கீழே பார்க்கும்படி நிறுத்துங்கள். பின்கண்ணாடிப் பக்கம் வைத்தால் மீனின் முதுகு மட்டும் வெளுத்து, நம்மைப் பார்க்கும் பக்கம் இருண்டுவிடும். வயிற்றுப் பக்கம் இருட்டாக இருந்தால் அடியில் வெளிர் மணல் உள்ள இடத்துக்கு மேல் மீன் வரும்போது எடுங்கள், மணலே கீழிருந்து ஒளியைத் திருப்பிவிடும்.

ஃபிளாஷ் தண்ணீரில் விழாதபடி ஸ்டாண்டில் இறுகக் கட்டுங்கள். மூடி இல்லாத தொட்டியின் மேல் ஒருபோதும் தொங்கவிடாதீர்கள். அதன் உள்ளிருக்கும் கெபாசிட்டர் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கிறது.

செட்டிங்: கேமரா மேனுவல், 1/160 அல்லது 1/200 (உங்கள் கேமராவின் சிங்க் வேகத்தை, அதாவது ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தை, தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கருப்பாகும்), எஃப் 8, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட முழுக் கருப்பாக வர வேண்டும். இதைத் தவறவிடாதீர்கள். தொட்டி விளக்கின் ஒளி படத்தில் சேர்ந்தால், ஃபிளாஷ் உறையவைத்த மீனுக்குப் பின்னால் ஆவி மாதிரி இன்னொரு மங்கல் மீன் வரும். கருப்பாக வந்ததும் ஃபிளாஷை 1/8 பவரில் ஆரம்பியுங்கள். போதாவிட்டால் பவரைக் கூட்டுவதற்கு முன் ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள். ஏனென்றால் ஃபிளாஷ் பவர் குறையக் குறைய அது மின்னும் நேரமும் குறையும். 1/16 பவரில் பெரும்பாலான ஃபிளாஷ்கள் 1/5000 நொடிக்குப் பக்கத்தில் வந்துவிடும், முழுப் பவரில் நொடியில் சில நூறில் ஒரு பங்குதான். மேலே சொன்ன 2 பிக்சல் கணக்கு அங்கிருந்துதான் வருகிறது. உறைய வைப்பது ஷட்டர் அல்ல, ஃபிளாஷின் மின்னல்.

டிரிகர் இல்லை, ஆனால் தலை திரும்பும் ஃபிளாஷ் இருக்கிறது என்றால் அதைக் கேமராவிலேயே வைத்து முகத்தை மேலே திருப்புங்கள். தொட்டிக்கு மேல் ஒரு பெரிய தெர்மகோல் அட்டையைச் சாய்வாகப் பிடித்தால் ஒளி அதில் பட்டு உள்ளே இறங்கும். பவர் அதிகம் தேவைப்படும், ஆனால் ஒளி மிருதுவாக இருக்கும்.

நீர்ப்பாசி

ஃபிளாஷ் மீனின் கண்ணுக்குக் கெடுதல் என்கிறார்களே?

வெள்ளிச்செதில்

மீனுக்கு இமை இல்லை, பெரும்பாலான மீன்களின் கண்மணி நம்முடையதுபோல் சுருங்கி விரிவதும் இல்லை. அதனால் கும்மிருட்டில் இருக்கும் மீன்மேல் திடீரென்று மின்னினால் மிரண்டு ஓடும், கண்ணாடியில் மோதும், மூடி திறந்திருந்தால் குதிக்கும். தொட்டி விளக்கை எப்போதும் எரியவிட்டே எடுங்கள். மேலே விரித்த பேப்பர் ஒளியை மிருதுவாக்குவதும் இதற்கு உதவும். முதல் நான்கைந்து மின்னலுக்குப் பிறகும் மீன்கள் செடிக்குள் ஒளிந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கைபேசிக்கண்

போன்ல எடுக்கிறவங்களுக்கும் சேர்த்து எழுதிடறேன், கேட்கிறவங்க நிறைய பேர்.

முதல்ல போன் லென்ஸைத் துடைங்க. விரல் எண்ணெய் படிஞ்சிருந்தா தொட்டி விளக்கைச் சுத்திப் பனி மூட்டம் மாதிரி வரும். அடுத்து, கிட்டப்போனா நிறைய போன்கள் சொல்லாமலே அல்ட்ராவைட் கேமராவுக்கு மாறிடும். அதோட சென்சார் சின்னது, வெளிச்சம் குறைவு, ஓரமெல்லாம் குழையும். அந்தத் தானியங்கி மேக்ரோவை அணைச்சிட்டு 2 மடங்கு ஜூம்ல கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க.

ஆட்டோ மோடு தொட்டியோட கருப்புப் பின்னணியைப் பார்த்துட்டு ஷட்டரை 1/30, 1/60-க்கு இறக்கிடும். ப்ரோ மோடு இருந்தா 1/250, ஐஎஸ்ஓ 400 முதல் 800. இல்லைன்னா மீன்மேல விரலை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டிட்டு, வெளிச்சக் கோட்டைக் கொஞ்சம் கீழே இழுங்க. நைட் மோடு வேண்டாம், பல ஃபிரேமைச் சேர்க்கிறப்ப வால் ரெண்டாத் தெரியும். போர்ட்ரெய்ட் மோடு கண்ணாடி மாதிரி இருக்கிற துடுப்பைப் பின்னணின்னு நினைச்சு வெட்டிடும். போன் ஃபிளாஷை மறந்திடுங்க.

போனோட பெரிய பலம் என்னன்னா, லென்ஸ் சின்னதா இருக்கிறதால அப்படியே கண்ணாடியில ஒட்டி வைக்கலாம். பிம்பமே வராது. தடிமனான கவரைக் கழட்டிட்டு ஒட்டுங்க.

செங்கயல்

மீன்கள் தொட்டியின் பின்பக்கமே நிற்கின்றன. முன்னால் வரவைக்க உணவு போட்டால் தூள் மிதக்கிறது. என்ன செய்யலாம்?

பாசிக்காடு

படம் எடுப்பது முந்தைய நாளே ஆரம்பிக்கிறது. நான் இதைத்தான் கேமராவை விடப் பெரிதாக நினைக்கிறேன்.

முந்தைய நாள் தண்ணீர் மாற்றுங்கள், 25 முதல் 30 சதவீதம். அன்றே எடுக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் அழுத்தத்தில் கரைந்திருக்கும் காற்று, தொட்டியில் விட்டதும் பிரிந்து கண்ணாடி, இலை, சில சமயம் துடுப்பில்கூட ஊசிமுனைக் குமிழிகளாக ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அவை போயிருக்கும், மீன்களும் தெம்பாக நிறம் ஏறி நிற்கும்.

எடுக்கும் நாளில் தொட்டி விளக்கைப் போட்டு ஒரு மணி நேரமாவது ஆகட்டும். உறக்கத்திலிருந்து எழுந்த நியானின் நீலக் கோடு மங்கித்தான் இருக்கும். நான்கைந்து மணி நேரத்துக்கு முன் உணவை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நல்ல படத்தில்தான் வாலுக்குக் கீழே கழிவு நூல் தொங்கும். எடுப்பதற்கு 15 நிமிடம் முன் ஏர் பம்ப், செடிகளுக்கு விடும் கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர் ஃபில்டர் மூன்றையும் நிறுத்தினால் தூசி அடங்கும். ஃபில்டரை அரை மணிக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்கு ஓடும் தண்ணீரின் ஆக்சிஜன் வேண்டும். கைக்கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்கும் மும்முரத்தில் திரும்பப் போட மறப்பது சாதாரணமாக நடக்கிறது.

முன்னால் வரவைக்க: தூள் உணவு கூடாது. மூழ்கும் மாத்திரை ஒன்றை முன்கண்ணாடியிலிருந்து 5 செ.மீ. உள்ளே, ஒரு கல்லின் பின்னால் மறைத்துப் போடுங்கள். கண்ணாடியில் ஒட்டும் மாத்திரை வேண்டாம். மீன் கண்ணாடியை முட்டிக்கொண்டு நிற்கும், மூக்குதான் படத்தில் வரும். கோரிடோரஸ் கல்லைச் சுற்றி வரும்போது பக்கவாட்டில் திரும்பும், அப்போது எடுங்கள்.

அல்லது தொட்டியின் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு வெட்டி (விளிம்பைத் தேய்த்து மழுக்குவது கட்டாயம்) முன்கண்ணாடிக்குப் பின்னால் 8 செ.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். நியான் கூட்டம் அந்தச் சந்துக்குள் வந்தால் ஃபோகஸ் தூரம் ஏறக்குறைய மாறாது. ஏஞ்சலுக்கு இது வேண்டாம், திரும்ப இடம் போதாமல் துடுப்பு கிழியும்.

பின்கண்ணாடியில் கருப்புத் தாளும், அடியில் அடர் மணலும் இருந்தால் மீன் தன் நிறத்தைக் கூட்டிக் காட்டும். வெள்ளை மணலில் பல மீன்கள் தாமாகவே வெளிறும். ஃபைட்டருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி காட்டித் துடுப்பு விரியவைப்பவர்கள் இரண்டு மூன்று நிமிடத்தோடு நிறுத்திவிடுங்கள். அது அதற்கு உண்மையான சண்டை.

கண்ணாடிச்சுவர்

ஃபோகஸ் பற்றி ஒரு சேர்க்கை. ஒற்றைப் புள்ளி ஃபோகஸை மீனின் கண் வரும் இடத்தில் வையுங்கள். கண் தெளிவாக இருந்து வால் மங்கினால் படம் தேறும், தலைகீழானால் தேறாது. நியான் ஒரே பாதையில் போய்வரும் பழக்கமுள்ளது. அந்தப் பாதையில் இருக்கும் ஓர் இலையில் மேனுவலாக ஃபோகஸ் வைத்து, மீன் அங்கே வரும்வரை காத்திருந்து எடுப்பது ஆட்டோவைத் துரத்துவதைவிட நிச்சயமானது. எஃப் 8-க்குக் கீழே போனால் ஏஞ்சலின் கண் இருக்கும், துடுப்பு இருக்காது. எஃப் 16-ஐத் தாண்டினால் டிஃப்ராக்ஷனால், அதாவது சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவுவதால், முழுப் படமும் மெதுவாக மழுங்கும்.

ஆழ்நீலம்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு: நீல எல்இடியின் ஒளி 450 நானோமீட்டர் பக்கத்தில் குவிந்திருப்பதால் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் தோற்றுவிடும். ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலப் பதிவில்) எடுத்தாலும் நீலச் சானல் எரிந்துவிட்டால் மீட்க முடியாது. லென்ஸின் முன் மஞ்சள் அல்லது ஆரஞ்சு ஃபில்டர் வைத்து நீலத்தை முன்கூட்டியே குறைப்பதுதான் வழி. வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் மூன்று நிறத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். மொத்த வரைபடம் நன்றாக இருக்கும், நீலம் மட்டும் வலது சுவரில் முட்டிக்கொண்டிருக்கும். மீனை மட்டும் எடுக்கும்போது வெள்ளை விளக்கைக் கூட்டி, நீலத்தைக் குறைத்துவிடுங்கள்.

செங்கயல்

மேல்ஃபிளாஷ், 1/16 பவர், எஃப் 8, ஐஎஸ்ஓ 400. நியான் உறைகிறது, கண்ணிலிருந்து செதில் விளிம்பு வரை தெளிவாகத் தெரிகிறது. இரண்டு சந்தேகம் மட்டும். ஏஞ்சலின் வெள்ளி உடம்பில் ஓர் இடம் வெள்ளையாக எரிகிறது. நியானின் கோடு ஒரு படத்தில் நீலம், இன்னொன்றில் பச்சை. வைட் பேலன்ஸ் தவறா?

வெள்ளிச்செதில்

கோட்டின் நிறம் மாறுவது கேமராவின் பிழை இல்லை. அந்த நீலம் சாயம் அல்ல. தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் குவானைன் படிகத் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம். ஒளி விழும் கோணத்தையும், மீன் மிரண்டிருக்கிறதா என்பதையும் பொறுத்து அது பச்சைப் பக்கமோ ஊதாப் பக்கமோ சாயும். உங்களுக்குப் பிடித்த நீலம் வந்த படத்தில் மீன் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று பார்த்து, ஃபிளாஷை 10 செ.மீ. முன்னேயோ பின்னேயோ நகர்த்துங்கள்.

வைட் பேலன்ஸைச் சோதிக்க, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் துண்டைத் தண்ணீருக்குள் மீன் நிற்கும் இடத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, அதை வைத்தே மற்ற ரா ஃபைல்களைத் திருத்துங்கள். வெளியே பிடித்தால் பயனில்லை. சாதாரணக் கண்ணாடியின் பச்சைச் சாயலும் தண்ணீரின் மஞ்சளும் கணக்கில் வராது.

ஏஞ்சலின் வெள்ளி எரிவதும் அதே படிகங்களால்தான், அங்கே அவை ஆடிபோல் வேலை செய்கின்றன. பவரைக் குறைத்தால் மீன் முழுவதும் இருளும், திட்டு அப்படியே இருக்கும். ஒளி வரும் பரப்பைப் பெரிதாக்குங்கள்: ஃபிளாஷை 20-இலிருந்து 35 செ.மீ.க்கு உயர்த்தி, பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக்கி, மூடி முழுவதும் விரியுங்கள். இதில் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் போகும், ஐஎஸ்ஓ 1250 வையுங்கள். அப்படியும் ஓரிடம் எரிந்தால், ஏஞ்சல் கண்ணாடிக்கு இணையாக நிற்கும்போது எடுக்காமல் தலையை உங்கள் பக்கம் சற்றே திருப்பும் நொடியில் எடுங்கள். ஆடி திரும்பிவிடும், திட்டு விலகும்.